துருப்பிடிக்காத வெள்ளை வண்டி

அத்தியாயம் 9

பதினோரு வருடம் உழைத்த காரை, ஆய்வு நிலையத்துக்காரர் ஒரே ஒரு சுத்தியல் தட்டில் முடித்து வைத்ததைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். மேலே பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. அடிச்சட்டம்தான் உளுத்துப்போயிருந்தது. பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டுகிற உப்பு, இந்த ஊர் வண்டிகளைக் கீழிருந்துதான் தின்னும். "இனி இது ரோட்டுல போகக் கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அதே வாரத்தில்தான் சவாகோவின் நாத்தனார் இட்சுயே, மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "பொண்ணுக்குத் தலைப்பிரசவம் அண்ணி. செண்டாய்க்குக் கிளம்பறேன். திரும்ப பிப்ரவரி ஆயிடும்" என்றாள். வாரம் மூன்று நாள், கணவாய் தாண்டி முப்பத்துநாலு கிலோமீட்டர், தன் அண்ணனும் சவாகோவின் கணவருமான குனிஹிரோவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தது அவள்தான்.

ஆக, சவாகோவின் வீட்டில் வண்டியும் இல்லை, ஓட்டுகிறவளும் இல்லை. பள்ளிச் சமையல் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குக் குழம்பு கிளறுகிறவள் அவள். வீட்டில் ஒரே ஒரு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க வழியில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்குகிற அம்மாள் நல்லவிதமாகத்தான் சொன்னார். "குளிர்காலத்துல வந்து போக வழியில்லன்னா ஆசஹிகவா நகரத்துல நெடுநாள் வார்டுல சேத்துடலாம். ஒரு படுக்கை பிடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கிழமை எட்டரைக்கு நீங்க சொந்த வண்டியில வந்து இறங்கிட்டா, அதை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். வரலன்னா வீட்டுக்கே ஆம்புலன்ஸ் அனுப்பிடறேன். ஏப்ரல்ல திரும்பி வந்துடலாம்."

சவாகோவுக்குத் தெரிந்து இந்த ஊரிலிருந்து மூன்று பேர் அப்படிக் குளிர்காலத்துக்கு மட்டும் என்று போனார்கள். ஒருவரும் ஏப்ரலில் திரும்பவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் கடைசி.

*

ஹச்சியாவின் பழைய கார் கடை வாசலில் பதினெட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எதுவும் விற்பனைக்கு வந்ததல்ல. வானிலைக்காரன் டிவியில் 'இன்று இரவு பனி' என்று சொன்னதும், ஊரில் பாதிப் பேருக்கு ஒரே சமயத்தில் பனி டயர் மாட்டவில்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது. வருடா வருடம் இதே கூத்துதான். வருடா வருடம் இதே ஆட்கள்தான்.

"அண்ணி, லைசன்ஸ் எடுத்துட்டு வந்தியா?" இட்சுயே தன் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள். மத்தியானம் அவள் டோமகோமாய் துறைமுகத்துக்குப் போய், காரோடு செண்டாய்க் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் அண்ணிக்கு ஒரு வண்டி பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவதாக வந்திருந்தாள்.

"இருக்கு."

"காட்டு. ஹச்சியா அண்ணே, இங்க பாருங்க, தங்க லைசன்ஸ்! இருபத்துநாலு வருஷமா எங்க அண்ணி ஒரு தப்பும் பண்ணலயாம். அரசாங்கமே மெச்சித் தங்கக் கோடு போட்டுக் கொடுத்திருக்கு. வண்டியையே தொடாதவளுக்குத் தப்பு எங்கேர்ந்து வரும்?"

டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சவாகோவும் சிரித்துவைத்தாள். போன மூன்று வாரமாக, மூடிக் கிடந்த பனிச்சறுக்கு மைதானத்தில் இதே இட்சுயேதான் அவளை ஆறு தடவை ஓட்ட வைத்தாள். காய்ந்த தரையில், எதிரில் ஒரு வண்டியும் இல்லாமல். ஆறாவது தடவைதான் அவள் கண்ணை மூடாமல் பின்னால் எடுத்தாள்.

கையில் இருந்த மூன்றரை லட்சம் யென்னுக்குள் நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி என்றால், ஹச்சியாவிடம் இரண்டுதான் இருந்தன.

ஒன்று செங்கல் நிறம். எங்கே பெயின்ட் முடிகிறது, எங்கே துரு ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. கதவுக்குக் கீழே விரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

"என் சம்சாரம் பத்துக் குளிர்காலம் இதுலதான் விடிகாலைல பேப்பர் போட்டா. மைனஸ் இருபத்தஞ்சுல கூட ஒரு நாள் படுத்ததில்ல. ஆனா, நீங்க பழகின ஆளு, மறைக்க மாட்டேன். அடில துரு இருக்கு. ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார் ஹச்சியா.

இரண்டாவது வெள்ளை. தெற்கே வாகயாமாவிலிருந்து வந்தது. ஆரஞ்சு விளைகிற ஊர். அங்கே பனியும் கிடையாது, சாலையில் உப்பும் கிடையாது.

இந்த ஊரில் வண்டி பார்க்க வருகிறவர்கள் முதலில் கதவைத் திறப்பதில்லை, மண்டியிட்டு அடியில் பார்ப்பார்கள். குனிஹிரோ ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து ஈரத் தரையில் போட்டார். சவாகோ வேண்டாம் என்று சொல்வதற்குள் மல்லாந்து படுத்து, வெள்ளை வண்டிக்கு அடியில் தலையை விட்டுவிட்டார். இருபத்துமூன்று வருடம் பனி அள்ளும் வண்டி ஓட்டிய மனிதர். கணவாய்ச் சாலையை ஊர் விழிப்பதற்கு முன்னால் திறந்து வைப்பதுதான் அவர் வேலை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். குடிக்கிற தண்ணீரைக் கூட அளந்து குடிக்கிறார்.

"சவாகோ!" அடியிலிருந்து வந்த குரலில் ரொம்ப நாளாகக் கேட்காத ஒரு துள்ளல் இருந்தது. "துளித் துரு இல்ல! போல்ட்டு மேல இருக்கற எழுத்தைக் கூடப் படிக்க முடியுது. இட்சுயே, நீ பாத்திருக்கியா இப்படி ஒரு அடிப்பக்கம்?"

"எனக்கு மேல் பக்கம் பாக்கவே நேரமில்ல அண்ணே. எழுந்திரு, நனையற."

அவர் எழுந்திருக்கவில்லை.

கால் இரண்டும் வெளியே நீட்டியபடி கிடந்தன. ஒரு முழங்கால் மடங்கியது, மறுபடி நீண்டது. ஊசி குத்துகிற இடது கையை ஊன்றக் கூடாது. வலது கையில் பலமில்லை. ஹச்சியா ஓர் அடி முன்னால் வைத்தார்.

"ஒண்ணுமில்ல, இன்னும் ஏதோ பாத்திட்டிருக்கேன்" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

சவாகோ மண்டியிட்டு, அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். பதினெட்டு வண்டிக்காரர்களும் தங்கள் டயர்களையே மும்முரமாகப் பார்த்தார்கள். அவர்களில் நாலைந்து பேர் வீட்டுத் தெருவில் இவர் பனி அள்ளியிருக்கிறார். அவமானம் அவருக்குத்தான், ஆனால் காது சிவந்தது இவளுக்கு.

அதற்குள் ஹச்சியா வெள்ளை வண்டியின் முன்மூடியைத் திறந்து, எஞ்சின் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, அளக்கிற கண்ணாடியில் விட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இங்கதான் ஒரு சங்கடம். அந்த ஊர்ல குளிர் ஏது? வெறும் பச்சைத் தண்ணியா ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காங்க. இது மைனஸ் எட்டு வரைக்கும்தான் உறையாம நிக்கும். இன்னிக்கு ராத்திரி பதினாறுங்கறான். முழுசா வடிச்சிட்டு, பனிக்கு உறையாத தண்ணி ஊத்தணும். பேட்டரியும் சின்னது. ஆனா எனக்கு இன்னிக்கு டயர் வேலையே கழுத்தை நெரிக்குது. புதன்கிழமை செஞ்சு தரேன்."

"நாளைக்கே எனக்கு ஆஸ்பத்திரி. டயரை மட்டும் மாட்டிக் குடு. தண்ணிய நான் மாத்திக்கறேன். நான் மாத்தாத தண்ணியா?" என்றார் குனிஹிரோ.

"முடியுமா அண்ணே?"

"அரை மணி வேலைய்யா!"

ஹச்சியா சவாகோவைப் பார்த்தார். சவாகோ செங்கல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின், பேட்டரி, அடிச்சட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. விடிகாலையில் ஒரு பெண்பிள்ளை பத்துக் குளிர்காலம் நம்பி ஏறிய வண்டி என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பெண்பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கையில் ஒரு பள்ளம்கூட விழுந்திருந்தது.

"என்னங்க, இது கூட..." என்றாள்.

"எது? அந்த ஓட்டையா?" குனிஹிரோ சிரித்தார். "இப்பதானே துருவுல ஒரு வண்டி போச்சு? மறுபடியும் துருவையா வாங்கச் சொல்ற?"

அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது! இரண்டு வருடமாக டாக்டர் சொன்னதை, நர்ஸ் சொன்னதை, தங்கை சொன்னதை எல்லாம் கேட்டு நடக்கிற மனிதர், இன்றைக்கு ஒரு நாள் தனக்குத் தெரிந்த ஒன்றைத் தானாக முடிவு செய்கிறார். அதில் போய் வாயை வைப்பதா? சவாகோ வாயை மூடிக்கொண்டாள். வெள்ளை வண்டிக்கே தலையாட்டினாள்.

செங்கல் வண்டியை ஓர் உயரமான உருளைக்கிழங்கு விவசாயி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "நாளைக்குக் காலைல வரேன், யாருக்கும் குடுத்துடாத" என்று ஹச்சியாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

*

கடையிலிருந்து வீடு மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டருக்கு சவாகோ பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக முந்திப் போக, ஒவ்வொருவருக்கும் "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று கண்ணாடிக்குள்ளிருந்தே தலை குனிந்தாள்.

"தலைய குனியாத, ரோட்டைப் பாரு. மன்னிப்பெல்லாம் கை காட்டினா போதும்" என்றார் குனிஹிரோ.

"கைய எடுத்தா ஸ்டீரிங்கை யாரு பிடிக்கறது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் டயாலிசிஸ் இல்லை. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் உடம்பில் தண்ணீர் தேங்க ஆரம்பிக்கும். முகம் ஊதும், செருப்பு இறுகும், நாலு படி ஏறினால் நெஞ்சு அடைக்கும். அந்த நேரத்தில்தான், வீட்டுக்கு வந்த கையோடு, ஹச்சியா கொடுத்தனுப்பிய, உறையாத தண்ணீர் இருந்த பச்சைக் கேன் இரண்டையும் வலது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அவர் வண்டிக் கொட்டகைக்குப் போனார்.

"நான் வரட்டுமா?"

"நீ வந்து என்ன பண்ணப் போற? நாளைக்குப் பையை எடுத்து வை."

அவள் பையை எடுத்து வைத்தாள். துண்டு, உடம்பில் ஒட்டுகிற சூடுபட்டை, போர்வை, இழுவைக் கயிறு, வழியில் சிக்கினால் தோண்ட மடக்கு மண்வெட்டி. ஜன்னல் வழியாகக் கொட்டகைக் கதவு தெரிந்தது. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. போய்ப் பார்க்கலாம் என்று செருப்பில் காலை நுழைத்தாள். போனால் கோபம் வரும் என்று மறுபடி கழற்றினாள். அதன்பிறகு அவரே வந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

தன் பங்குத் தேநீரை, அந்த அரைக் குவளையை, வழக்கம்போல 'இதுதானா' என்று முனகாமல் குடித்தார். குவளையைப் பிடித்திருந்த கை சுத்தமாக இருந்தது. சவாகோ அதைப் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

சாயங்காலம் துறைமுகத்திலிருந்து இட்சுயே கூப்பிட்டாள். "கப்பல் ஏறியாச்சு அண்ணி. இனி காலைல பத்து மணி வரைக்கும் நடுக்கடல்தான், சிக்னல் கிடையாது. கணவாய் இறக்கத்துல பிரேக்கை மிதிக்காத, மெதுவா விடு. புரியுதா? அண்ணனைப் பாத்துக்கோ." கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்தது. நாத்தனாரின் வாய்க்குத்தான் விஷம், மனசுக்கு இல்லை.

*

திங்கள் காலை ஐந்தரை. பனி முழங்கால் வரை பெய்து ஓய்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் மூக்குக்குள் ஈரம் உறைந்து குத்தியது.

சவாகோ கொட்டகைக்குள் போய் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடுகிறது! வெள்ளை வண்டி ஓடுகிறது! இவர் சொன்னதுதான் சரி, தான் வாயை மூடிக்கொண்டதும் சரி.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முன்மூடிக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம். ரப்பர் கருகும் நாற்றம். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

"அணை! அணைச்சிடு!" வாசலில் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் நின்று கத்தினார் குனிஹிரோ. "உள்ள பனிக்கட்டி. இன்னொரு தடவை போட்டா எஞ்சினே போயிடும்."

அவள் அணைத்தாள். இறங்கியபோது கொட்டகைச் சுவரோரம் கண் போனது. பச்சைக் கேன்கள் இரண்டும் மூடி திறக்காமல் நின்றுகொண்டிருந்தன. நேற்றுக் குவளையைப் பிடித்திருந்த அந்தச் சுத்தமான கை அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"மாத்தலயா?"

அவர் குனிந்து கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

"ஆச்சுன்னு சொன்னீங்களே. ஒரு மணி நேரம் உள்ள என்னதான் பண்ணீங்க?"

"உக்காந்திருந்தேன்." ஊதிய முகத்தை அவர் நிமிர்த்தவே இல்லை. "வடிக்கற திருகு அடில இருக்கு. படுத்தாத்தான் எட்டும். படுத்தா எழுந்திரிக்க முடியாது."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே! இதோ, இருபது அடி தூரத்துல தானே இருந்தேன்!"

"காலைல கடையில ஒரு தடவை தூக்கிவிட்ட." அவர் மெதுவாகச் சொன்னார். "ஒரே நாள்ல ரெண்டு தடவையா?"

சவாகோவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? நேற்றுச் செருப்பைக் கழற்றியவள் அவள். செங்கல் வண்டி முன்னால் வாயை மூடிக்கொண்டவளும் அவள்தான்.

இட்சுயேயின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது இயந்திரக் குரல். ஊருக்கு இருக்கிற ஒரே டாக்ஸி எட்டு மணிக்குத்தான் போனையே எடுக்கும்.

அப்போதுதான் தெருமுனையில் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி அள்ளும் வண்டி.

குனிஹிரோ சட்டென்று கொட்டகை இருட்டுக்குள் நகர்ந்தார். பழைய கூட்டாளிகள் கண்ணில் பட அவருக்குப் பிடிக்காது. வண்டி தரை அதிர வந்தது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்புயரத்துக்குப் பனிக் கரையைத் தள்ளிக்கொண்டே. அது இந்த ஊரில் வழக்கம். சாலையைத் திறப்பது அவர்கள் வேலை, வாசலைத் திறப்பது வீட்டுக்காரர் பாடு. ஆனால் நோயாளியும் தள்ளாதவர்களும் இருக்கிற வீடுகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அந்த வாசல் வந்தால் மட்டும் ஓட்டுநர் வண்டி முன்னால் பனி தள்ளுகிற இரும்பு அலகைத் தூக்கி, பனியை ஒதுக்கிக்கொண்டு போவார். குனிஹிரோவும் அந்தப் பட்டியலைத் தன் கையால் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தவர்தான்.

அவர்கள் வாசல் வந்தது. அலகு மேலே எழும்பியது. வேகம் குறைந்து, ஒரு பிடி பனிகூட வாசலில் விழாமல், அத்தனை பதவிசாகக் கடந்து, அடுத்த வீட்டில் மறுபடி இறங்கியது.

குனிஹிரோ இருட்டிலிருந்து கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"என் காலத்துல பட்டியல்ல முப்பத்தொன்பது வீடு." மஞ்சள் விளக்கு போன பக்கம் எட்டிப் பார்த்து, "பையன் நல்லாத்தான் ஓட்டறான். பாரு, வாசல் எவ்வளவு சுத்தம். ஆம்புலன்ஸ் நேரா உள்ளயே வந்துடலாம்" என்றார்.

சவாகோ அந்தச் சுத்தமான வாசலைப் பார்த்தாள். வழி திறந்து கிடக்கிறது, போகத்தான் வண்டி இல்லை. எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு வண்டி வரும். ஏப்ரலில் திரும்பிவிடலாம் என்று சொல்வார்கள். இவரும் மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் பூட்ஸ் வாரை இழுத்துக் கட்டினாள்.

"எங்க போற?"

"ஹச்சியா கடைக்கு. வெள்ளைக்குப் பதிலா செங்கல் வண்டியைக் கேக்கப் போறேன்."

"நடந்தா? மூணு கிலோமீட்டர்! கிடைச்சாலும் இந்தப் பனியில யாரு ஓட்டிட்டு வருவா? நான் கூட இருக்க மாட்டேனே. சவாகோ, நீ பனியில ஓட்டினதே இல்லயே!"

"எனக்குத் தங்க லைசன்ஸ் இருக்கு" என்றாள் சவாகோ. சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டி, இமையில் உறைந்து ஒட்டிக்கொண்டது.

அலகு வழித்துவிட்ட சாலையில் நடந்தாள், முடிந்த இடத்தில் ஓடினாள், இரண்டு முறை சறுக்கி விழுந்து எழுந்தாள். ஆறே முக்காலுக்கு ஹச்சியா கடையின் மாடி விளக்கு தெரிந்தது. கீழே வாசலில், எஞ்சினை அணைக்காமல், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய ஒரு டிரக் நின்றிருந்தது. அதன் முன்விளக்கு வெளிச்சத்தில் ஓர் உயரமான ஆள் அட்டையைப் போட்டு மண்டியிட்டு, செங்கல் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.